சூடானால் மட்டும் வரும் கோளாறு

முதல் தடவை அது உதைத்தபோது பின்னால் யாரோ மோதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தது. மிதித்தேன், வண்டி நகர்ந்தது, இரண்டாவது கியருக்குப் போகவேண்டிய இடத்தில் இடுப்பில் ஒரு குத்து. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த ஷேர் ஆட்டோ பத்தடி தள்ளித்தான் நிற்கிறது. வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் இடது கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர், "ரோடு சரியில்ல" என்றார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

அந்த இடது கையில்தான் ஊசி ஏற்றுவார்கள். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலையில் கோச்சடையிலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கும். மதியம் அவரைப் பிழிந்த துணி மாதிரி கூட்டிக்கொண்டு திரும்புவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். வண்டியும் நானும்தான் அவருக்குப் பிள்ளைகள் என்று அவரே கேலி செய்வார்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. கிளட்சை மிதிக்கிற வேலை அந்தக் காலால் ஆகாது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கற்றுக்கொடுக்க வந்தவரை நான்தான் அதட்டினேன். என் கணவர் பேரையூரில் உரக்கடை வைத்திருந்த காலத்திலும் மோட்டார் சைக்கிளைத் தாண்டியதில்லை. ஆகவே ஓட்டுநர் என்றால் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

உதை அடுத்தடுத்த நாட்களில் கூடியது. வீட்டில் நிறுத்தும்போது ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி சும்மா நிற்கும், பிறகு திடுக்கென்று பாயும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வரும்போது பைபாஸ் ரோட்டில் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டது. நின்ற இடத்திலிருந்து கிளம்பச் சொன்னால் எருமை எழுந்திருப்பது போல முக்கி முனகி எழுந்தது. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். அவர் ஊசி குத்திய இடத்தை அமுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

பெரிய ஷோரூமில் கொண்டுபோய் விடலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

"நம்ம பய பட்டறை வச்சிருக்கையில வேற எடத்துல கொண்டுபோய் விட்டா அக்கா என்ன நெனைக்கும்?"

நம்ம பய என்பது என் நாத்தனார் மகன். முப்பத்தைந்து வயது. திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் சொந்தப் பட்டறை. வேலை தெரிந்தவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் உறவுக்காரனிடம் வேலை கொடுத்தால் அதட்டவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் முடியாது என்பது என் அனுபவம். அதட்ட முடியாது என்பதை நான் ஒருபோதும் கடைப்பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கொண்டுபோய் நிறுத்தினோம். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருகி, கையில் வைத்திருந்த ஸ்கேனரைப் பார்த்தான். அதில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் வந்தன.

"கியர் பாக்ஸுக்குள்ள ஆயிலுதான் அத்தே அம்புட்டு வேலையும் பாக்குது" என்றான். "எந்த நேரத்துல எம்புட்டு அழுத்தம் குடுக்கணும்னு பாத்துக்கிட ஒரு சோலனாய்டு இருக்கு. சின்ன மின்காந்தந்தான். கரண்டு வந்தா உள்ள ஊசி நகந்து ஆயில விடும், நிறுத்தும். அது மக்கர் பண்ணுதுன்னு காட்டுது. அது வேலை செய்யலன்னா கம்ப்யூட்டரு பயந்துபோயி முழு அழுத்தத்தையும் குடுத்துரும். அதான் உதைக்குது."

"என்ன மாப்ள, என் கதையேல்ல சொல்ற" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றேன்.

கியர் பாக்ஸில் சொருகியிருந்த இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டர் முனைகளை வைத்து அளந்தான். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குள்தான் இருந்தது. இணைப்பில் தூசி இருக்கலாம் என்று துடைத்துச் சொருகினான். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அமுக்கி விளக்கை அணைத்தான். "இனி வராது அத்தே" என்றான். திங்கட்கிழமை காலையில் வரவில்லை. மதியம் வந்தது.

மறுபடி போனேன், மறுபடி அளந்தான், மறுபடி சரியாகவே காட்டியது. இப்படி இரண்டு தடவை. மூன்றாம் தடவை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எந்த நேரத்தில் கிளம்பினேன், எத்தனை நிமிடத்தில் உதைத்தது, வெயில் எப்படி. காலையில் வரவே இல்லை. மதியம் தவறியதே இல்லை. அவன் அளப்பதெல்லாம் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை.

"சூடானா மட்டும் வர்ற கோளாறுப்பா இது" என்றேன். "ஆறின வண்டிய ஆயிரம் தடவ அளந்தாலும் சரியாத்தான் காட்டும்."

தாளை வாங்கிப் பார்த்தான். சாவியை வாங்கிக்கொண்டு நான்குவழிச் சாலைக்குப் போய், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தான். எஞ்சினை நிறுத்தியதும், கை சுடுகிற சூட்டிலேயே இணைப்பைக் கழற்றி அளந்தான். மீட்டரில் எண்ணே இல்லை. சோலனாய்டுக்குள் சுற்றியிருக்கிற கம்பி எங்கேயோ விட்டிருக்கிறது, ஆறினால் தொட்டுக்கொள்கிறது, சூட்டில் விலகிக்கொள்கிறது என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கணக்கு சரியாக வந்தது.

"புதுசு கோயமுத்தூர்ல இருந்து வரணும் அத்தே. ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க, பாக்ஸே போயிரும். வண்டி இங்கனயே நிக்கட்டும்."

அந்த ஒரு வாரமும் கால் டாக்ஸியில் போனோம். போகும்போது ஒன்றும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், சில நாள் குமட்டும். எங்கள் வண்டியில் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் வாளியே வைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை டாக்ஸியில் வாளி இல்லை. சீட்டில் வாந்தி எடுத்துவிட்டார். ஓட்டுநர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பிழைப்பு. வண்டியை ஓரங்கட்டி, "ஏன் சார் முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று மட்டும் கேட்டார். வீட்டு வாசலில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து நானே அந்த சீட்டைக் கழுவிக் கொடுத்தேன். என் கணவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றிருந்தார். உள்ளே போங்கள் என்று சொல்லியும் போகவில்லை.

"இனிமே நம்ம வண்டி வந்தாத்தான் வருவேன்" என்றார் அன்று மாலை.

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் சட்டை மாற்றாமலே உட்கார்ந்திருந்தார். கெஞ்சினேன், திட்டினேன். வாசலில் வந்து நின்ற டாக்ஸியைத் திருப்பி அனுப்பவேண்டியதாகிவிட்டது. பிடிவாதத்தில் எனக்கு அண்ணன் அவர். என் பிடிவாதம் சத்தம் போடும், அவருடையது போடாது.

நான் மருமகனுக்கு போன் பண்ணினேன்.

"பார்சல் வரல அத்தே."

"எப்ப வரும்?"

"கேட்டுச் சொல்றேன் அத்தே."

புதன்கிழமையும் அதே பேச்சு. அந்தப் புதன்கிழமையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் காலையில் நிதானமாக முகச்சவரம் செய்துகொண்டார். இரண்டு வருடமாகக் காலை நேரத்தில் ரேடியோ கேட்காதவர், அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். காபியை அளந்து கொடுக்கிற சின்னத் தம்ளரில் கொடுத்தேன். கூட அரைத் தம்ளர் கேட்டார். கூடாது என்று தெரிந்தும் கொடுத்தேன். முகம் தெளிவாக இருந்தது. ஓய்வு எடுத்தால் உடம்புக்கு நல்லதுதான் போலிருக்கிறது என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம்கூட எனக்கு வந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள் நான்.

வெள்ளிக்கிழமை எப்படியோ மிரட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எடை பார்த்த நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். "படிச்சவங்கதானேம்மா நீங்க? ரெண்டு நாள் விட்டா உள்ள எம்புட்டுத் தண்ணி சேருதுன்னு தெரியாதா?" தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாரிடமும் அப்படி நின்று பழக்கமில்லை. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்களும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார். புதன்கிழமை காலை அவர் கால் செருப்புக்குள் நுழையவில்லை. கணுக்கால் எங்கே என்றே தெரியாதபடி வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே ஒரு படுக்கை ஒதுக்குகிறோம், அதற்குள் மூச்சு அதிகமாகத் திணறினால் உடனே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள்.

"நம்ம வண்டி வரட்டும், வாரேன்" என்றார்.

"வண்டி இன்னைக்கு வரும்" என்றேன்.

பக்கத்து வீட்டு அம்மாளை அவரோடு உட்கார வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல்தான் போனேன். பார்சல் வராவிட்டால் பழைய சோலனாய்டையே வைத்து நாளை ஒரு நாள் ஓட்டலாமா என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். மருமகன் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். என் வண்டி மூலையில் தூசி அடைந்து நின்றது. அதற்கு நேர் மேலே, சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில், ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. கோயமுத்தூர் முகவரி. அதில் ஒட்டியிருந்த சீட்டில் தேதியும் இருந்தது.

அவன் ரோட்டைக் கடந்து வரும்போதே என் கையில் பெட்டியைப் பார்த்துவிட்டான். அங்கேயே நின்றான்.

"என்னது இது?"

"பார்சல் அத்தே."

"எப்ப வந்துச்சு?"

சட்டையில் கையைத் துடைத்தான்.

"சீட்டுல தேதி இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும். ஒம்பது நாளு. ஒம்பது நாளா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்க. அங்க ஒங்க மாமா கால் வீங்கிச் செருப்பு போட முடியாமக் கெடக்காரு. மூச்சு விட முடியல. வேற வேலை வந்துச்சா? பெரிய வேலை, பெரிய வண்டி வந்துச்சா? சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பாத்திருப்பேன்ல?"

இதைவிட மோசமாகவும் பேசினேன். அவன் அம்மாவை இழுத்தேன், வளர்ப்பை இழுத்தேன். வண்டி எடுக்க வந்த இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கால் வீக்கம் என்றதும் அவன் முகம் மாறிவிட்டது. "வீங்கிருச்சா?" என்று மட்டும் கேட்டான். பிறகு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மாமாதான் வச்சிருக்கச் சொன்னாரு அத்தே."

எனக்குப் புரியவில்லை.

"பார்சல் வந்த அன்னைக்கே மாமாவுக்குத்தான் போன் பண்ணேன். ‘மாப்ள, ரெண்டு வாரம் அப்படியே வச்சிரு. அத்தைட்ட வரலன்னு சொல்லிரு. எனக்குக் கொஞ்சம் லீவு வேணும்டா'ன்னாரு."

"லீவா?"

"அப்படித்தான் சொன்னாரு. போகாம இருந்தா ஒண்ணும் ஆகாதா மாமான்னு கேட்டேன் அத்தே. சத்தியமா கேட்டேன். டாக்டரே விடலாம்னு சொல்லிட்டாருன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிரீஸ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "மாமா எங்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல அத்தே. மொத மொதல்ல கேட்டது இதுதான்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் மடியில் உட்கார்ந்துதான் அவன் காது குத்திக்கொண்டான். அப்பா இல்லாத பையன். பள்ளிக்கூடம், தொழில், கல்யாணம் எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் அவர்தான். தாய்மாமன் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அவன் வீட்டில் கிடையாது. என் முகத்துக்கு நேரே பொய் சொல்லலாம், மாமன் சொல்லை மட்டும் தட்டக்கூடாது. இதை நான் கோபமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது கோபம் வரவில்லை.

"மாட்டு" என்றேன். "இப்பவே மாட்டு. நான் இங்கனயேதான் உக்காந்திருப்பேன்."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு வேலை எதையும் தொடாமல் அவன் வண்டியைத் தூக்கினான். ஆயிலை வடித்தான். சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் இறங்கியது, கருகல் வாடை அடித்தது. அடித்தட்டைக் கழற்றினான். தட்டுக்குள் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மை மாதிரி அப்பியிருந்தது. அதைத் துடைத்து, மேலே வால்வுகள் இருந்த பகுதியிலிருந்து பழைய சோலனாய்டை உருவிக் கையில் வைத்துக் காட்டினான். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்காகவா என்று இருந்தது.

அவனை நம்புகிற நிலையில் நான் இல்லை. "இதுதான் கெட்டதுன்னு காட்டு" என்றேன். அவன் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணீர் வாங்கி வந்தான். முதலில் அப்படியே அளந்தான், எண் வந்தது. பிறகு அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மீட்டரின் வயர் மட்டும் வெளியே நிற்கும்படி கட்டி, தண்ணீருக்குள் இறக்கினான். இரண்டு பேரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் எண் ஏறியது. பிறகு காணாமல் போனது. வெளியே எடுத்து ஆறவைத்தான், திரும்ப வந்தது. புதியதை அதே தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். எண் ஏறி ஓரிடத்தில் நின்றது, போகவில்லை.

அவன் அதைப் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் ஒவ்வொன்றாக இறங்கியது. முகச்சவரம். ரேடியோ. அரைத் தம்ளர் காபி. அது லீவு நாள் காலை. இரண்டு வருடமாக அவருக்கு வாராவாரம் மூன்று நாள் நான் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்திரு, சட்டை மாற்று, தண்ணீர் குடிக்காதே, வாழைப்பழம் தொடாதே. அவர் எனக்குத் தெரியாமல் மட்டம் போட்டிருக்கிறார். மட்டம் போட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்ததைவிட அவமானம்தான் அதிகமாக வந்தது. முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவள் நான். லீவை அக்கா மகனிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

தட்டை மாட்டி, புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, சூடேறியபின் ஆயில் மட்டம் பார்த்தான். ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்தான். வெயில் சாய்ந்திருந்தது.

"ஓட்டிப் பாக்கணும் அத்தே. புதுசோட பாக்ஸ் பழகணும். சூடேத்தித்தான் பாக்கணும்."

நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். திருமங்கலம் வரை போய்த் திரும்பினோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கியர் மாறுவதே தெரியவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்வதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விளக்கு எரிகிறதா என்று அவன் குனிந்து குனிந்து பார்த்தான். எரியவில்லை. வழியில் நாங்கள் பேசியது இரண்டே பேச்சு.

"மாமா என்னயப் பேசமாட்டாருல்ல அத்தே?"

"பேசமாட்டாரு."

"நீங்க?"

பட்டறையில் இறக்கிவிட்டபோது, சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார் என்று மட்டும் சொன்னேன். அது மன்னிப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் பேசியதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். இன்றுவரை கேட்கவில்லை.

கோச்சடை வருகிறவரை அவரிடம் பேசவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஆரம்பிப்பதா, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பார்த்தீர்களா என்று கேட்பதா. ஒவ்வொரு வாக்கியமும் தயாராக இருந்தது. கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன். ஜன்னல் ஓரமாக நாற்காலியில், வீங்கிய கால் இரண்டையும் ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், பிறகு என்னை. பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து போனபிறகுதான் கேட்டார்.

"சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு."

"மாப்ள..."

"அவன ஒண்ணும் சொல்லல."

எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாக்குச் சொல்லவும் இல்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்குப் போகணும்ல" என்றார்.

ஐந்தாம் வகுப்புப் பையன் குரல் அது. நான் அடுக்கி வைத்திருந்த அத்தனை வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நாம் பேசலாம் என்று சொல்வதற்கு அந்த ஒரு நொடிதான் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவர் இல்லாத வீட்டில் அந்த நாற்காலியை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"போகணும்" என்றேன். வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னேன்.

சரி என்று தலையாட்டினார். மறுநாள் காலை நான் எழுப்புவதற்கு முன்பே எழுந்து, ஆஸ்பத்திரிக்கென்று வைத்திருந்த கை தளர்வான சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. வண்டியும் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. காளவாசல் சிக்னலில் பச்சை விழும்போதெல்லாம் உதைக்காதா என்று நான் காத்திருந்தது உண்டு. உதைத்தால் திரும்பி வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்ததும் உண்டு. அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

கடைசி மாதத்தில் ஒரு நாள், திரும்பி வருகிற வழியில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் எம்புட்டு நாளைக்கும்மா இப்படி?"

"டாக்டர்ட்ட கேப்போம்" என்றேன்.

அவர் கேட்டது என்னிடம் என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.